உங்கள் விவரங்களில் முடங்கிக் கிடக்கும் உங்கள் பணம்: பெங்களூர் வந்த தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூருக்கு வந்த முதல் மாதத்திலேயே உங்கள் பெயர், போன் நம்பர், பான், ஆதார், சம்பளம் எல்லாம் பத்துப் பதினைந்து கைகளுக்குப் போய்விடும். பிஜி (தங்கும் விடுதி) ஓனர், கம்பெனி எச்ஆர், சம்பளக் கணக்கு திறந்த பேங்க், சிம் கடை, அபார்ட்மென்ட் கேட்டில் இருக்கும் ஆப், சாப்பாடு ஆர்டர் செய்யும் ஆப் என்று எல்லோரும் வாங்கிக்கொள்கிறார்கள். அதை வைத்து அவரவர் வேலையும் நடக்கிறது. அதே விவரங்களை வைத்து நீங்கள் என்ன பெறலாம், எப்படிப் பெறலாம் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம்.

"டேட்டாவை விற்றுச் சம்பாதிக்கலாம்" என்ற பேச்சு இணையத்தில் நிறைய உண்டு. இந்தியாவில் ஒரு தனி ஆள் தன் டேட்டாவை விற்றுப் பார்க்கும் காசு சொற்பம். பெரிய பணம் வேறு இடங்களில் இருக்கிறது. பிடித்துவிட்டுத் திரும்பத் தராத வரி, பழைய கம்பெனியோடு நின்றுபோன பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), தப்பான கிரெடிட் ரிப்போர்ட்டால் (நீங்கள் கடன் வாங்கிக் கட்டிய வரலாறு) ஆண்டுக்கணக்கில் கூடுதலாகக் கட்டும் வட்டி, அப்பா போட்டுவிட்டு மறந்துபோன டெபாசிட் என்று அது சிதறிக் கிடக்கிறது. இவை ஏற்கெனவே உங்களுடையவை. எடுக்க விடாமல் தடுப்பது பெரும்பாலும் உங்கள் பெயரில் பதிந்திருக்கும் ஏதோ ஒரு விவரப் பிழைதான்.

முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்

இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் கீழே சொல்லும் எதுவும் முழுதாக நடக்காது. நமக்கு இனிஷியல் வழக்கம்; இந்தியாவின் படிவங்களோ சர்நேம் கேட்பவை. பள்ளிச் சான்றிதழில் "முருகன் எஸ்", ஆதாரில் "எஸ் முருகன்", பான் கார்டில் "செல்வராஜ் முருகன்", பேங்கில் "முருகன் செல்வராஜ்" என்று ஒரே ஆள் நாலு ஆளாக நிற்பார். பான் விண்ணப்பத்தில் பெயர்க் கட்டங்களில் வெறும் இனிஷியலை ஏற்பதில்லை, அப்பா பெயரை விரித்துத்தான் எழுத வேண்டும். அதனால் பானும் ஆதாரும் ஆரம்பத்திலேயே பிரிந்துவிடுகின்றன. பெங்களூரில் கம்ப்யூட்டரில் ஏற்றுபவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் அடித்தால் செல்வராஜில் ஒரு எழுத்து காணாமல் போய், கணக்கில் ஐந்தாவது ஆளும் சேர்ந்துகொள்வார்.

ஒரு தாளை எடுத்து ஆறு வரி எழுதுங்கள்: ஆதார், பான், சம்பள பேங்க், பழைய பேங்க், பிஎஃப், போன் சிம். ஒவ்வொன்றிலும் பெயர் எந்த எழுத்தில், எந்த வரிசையில் இருக்கிறது, பிறந்த தேதி என்ன, எந்த மொபைல் நம்பர் பதிந்திருக்கிறது என்று அப்படியே நகல் எடுங்கள். நினைவிலிருந்து எழுதாதீர்கள், கார்டைப் பார்த்து எழுதுங்கள். எங்கே பிசகு என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

திருத்தும்போது பானில் இருக்கும் விரித்த பெயரை அடிப்படையாக வைத்துக்கொள்வது நல்லது. வரி, பேங்க், பிஎஃப், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் பானைத்தான் சுற்றுகின்றன. பானில் எழுத்தே தப்பாக இருந்தால் அதை முதலில் திருத்துங்கள். பிறகு ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். அடையாளச் சான்றாகப் பான் கார்டையே காட்டலாம். ஆதார் சேவா மையத்தில் இதற்குக் கட்டணம் 75 ரூபாய். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறைதான். ரசீதில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுப் படியுங்கள். அவசரத்தில் தலையாட்டிவிட்டு ஒரு வாய்ப்பை வீணாக்குகிறவர்கள் நிறையப் பேர். அடுத்து பேங்க், கடைசியாக பிஎஃப். இந்த வரிசையை மாற்றினால், பேங்கில் போய் நிற்கும்போது "ஆதாரில் வேறு மாதிரி இருக்கிறதே" என்று திருப்பி அனுப்புவார்கள்.

ஊரிலிருந்து வந்ததும் புது சிம் வாங்கிப் பழைய நம்பரை விட்டுவிடுவது இன்னொரு பெரிய ஓட்டை. பழைய நம்பருக்குப் போகும் ஓடிபி இல்லாமல் பிஎஃப், வரி, பேங்க் எதுவும் திறக்காது. சில மாதங்களில் அதே நம்பர் வேறு ஒருவருக்குப் போய்விடும். எல்லா இடத்திலும் நம்பரை மாற்றி முடிக்கும்வரை பழைய சிம்முக்கு குறைந்தபட்ச ரீசார்ஜ் போட்டுக்கொண்டே இருங்கள்.

வரி: பிடித்த பணத்தைத் திரும்ப வாங்குவது

வருமான வரித்துறையின் இ-ஃபைலிங் தளத்தில் பான் நம்பரைக் கொண்டு உள்ளே போனால் ஏஐஎஸ் என்ற ஆண்டறிக்கை கிடைக்கும். 2021 நவம்பரிலிருந்து இது இருக்கிறது. உங்கள் பானுக்கு எதிரே யார் எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு டிடிஎஸ் (கொடுக்கும்போதே கழித்துக்கொள்ளும் வரி) பிடித்தார்கள் என்று வரிவரியாக வரும். பிடிஎஃப் திறக்கப் பாஸ்வேர்டு கேட்கும். பான் நம்பரைச் சின்ன எழுத்தில் அடித்து, இடைவெளி இல்லாமல் பிறந்த தேதியை எட்டு இலக்கமாகச் சேர்த்தால் போதும்.

இதில் யாருக்குப் பணம் கிடைக்கிறது என்று பாருங்கள். டெலிவரி ஓட்டும் ஒருவருக்கு ஆண்டில் 2,40,000 ரூபாய் வருகிறது. கம்பெனி 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்தால் 2,400 ரூபாய். அவருக்கு வரி கட்டும் அளவு வருமானமே இல்லை என்பதால், கணக்குத் தாக்கல் செய்தால் அந்த 2,400 முழுதும் திரும்ப வரும். அதே ஆள் பான் கொடுக்கவில்லை, அல்லது பானை ஆதாரோடு இணைக்காததால் அது செயலிழந்து கிடக்கிறது என்றால் பிடித்தம் 20 சதவீதம் ஆகலாம். அப்போது போவது 48,000 ரூபாய். ஒரு நம்பரைப் பதியாததற்கு இவ்வளவு பெரிய விலை. வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு, டியூஷன், டிசைன் வேலை செய்கிறவர்களுக்கு 10 சதவீதம் பிடிப்பார்கள். ஊரில் அம்மா பெயரில் போட்ட டெபாசிட்டின் வட்டியிலும் 10 சதவீதம் போகலாம். அம்மாவின் ஏஐஎஸ்ஸையும் எடுத்துப் பாருங்கள்.

அறிக்கையில் உங்களுக்கு வராத பணம் வந்ததாக இருந்தால், அந்தப் பதிவுக்கு "ஃபீட்பேக்" கொடுக்க அங்கேயே வழி இருக்கும். அதில் தகவல் சரியில்லை என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். சொல்லாமல் விட்டால் அது உங்கள் வருமானமாகவே நிற்கும், பிறகு நோட்டீசும் வரலாம்.

தாக்கல் செய்த 30 நாளுக்குள் இ-வெரிஃபை (தாக்கல் செய்தது நீங்கள்தான் என்று ஆன்லைனில் உறுதி செய்வது) செய்யாவிட்டால் தாக்கல் செய்ததாகவே கணக்கில்லை. ஆதார் ஓடிபியில் ஒரு நிமிட வேலை இது, ஆனாலும் பலருடைய ரீஃபண்ட் இங்கேதான் நின்றுபோகிறது. இன்னொரு தடங்கல், பணம் போட வேண்டிய பேங்க் கணக்கை அதே தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்து வைக்காதது. அங்கே பேங்கில் உள்ள பெயரும் பானில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். முதல் வேலையை ஏன் பெயரிலிருந்து தொடங்கினோம் என்பது இந்தத் திரையில் விளங்கும். முதல் கெடு தவறினாலும் டிசம்பர் 31 வரை தாமதமாகத் தாக்கல் செய்து ரீஃபண்ட் கேட்கலாம்.

பிஎஃப்: பழைய கம்பெனியில் விட்டு வந்தது

திருப்பூர் மில்லிலோ ஓசூர் கம்பெனியிலோ இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு பீன்யாவுக்கும் பொம்மசந்திராவுக்கும் வந்தவர்கள் ஏராளம். அங்கே பிடித்த பிஎஃப் அங்கேயே இருக்கும். பதிந்த மொபைலிலிருந்து 99660 44425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் மீதித் தொகை எஸ்எம்எஸ்ஸில் வரும். பிஎஃப்புக்கான உங்கள் 12 இலக்க யுஏஎன் நம்பர் தெரியாவிட்டால் பழைய சம்பளச் சீட்டில் பாருங்கள். புதுக் கம்பெனியில் சேரும்போது பழைய யுஏஎன்னைக் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அவர்கள் புதிதாக ஒன்று போட்டு, உங்கள் சர்வீசை இரண்டாக வெட்டிவிடுவார்கள்.

சர்வீஸ் ஒட்டியிருப்பதில் காசு இருக்கிறது. தொடர்ச்சியாக 5 வருடம் ஆகும் முன் எடுத்தால் வரி வரலாம். ஓய்வூதியத்துக்கு 10 வருடச் சர்வீஸ் வேண்டும். பழைய கம்பெனிப் பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றினால் அந்த வருடங்களும் சேரும். பிஎஃப் மெம்பர் தளத்தில் ஆன்லைன் சர்வீசஸ் பகுதியில் "ஒன் மெம்பர், ஒன் ஈபிஎஃப் அக்கவுண்ட்" என்பதை எடுத்து மாற்றக் கேளுங்கள்.

மறுக்கப்படும் காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று. வேலையை விட்ட தேதியைப் பழைய கம்பெனி பதியாமல் விட்டிருக்கும். கடைசிப் பிடித்தம் முடிந்து இரண்டு மாதம் ஆனபின் "மார்க் எக்ஸிட்" மூலம் நீங்களே பதியலாம். அல்லது பெயரோ பிறந்த தேதியோ ஆதாரோடு ஒத்துப்போகாது. அதற்கு ஜாயின்ட் டிக்ளரேஷன் என்ற திருத்த விண்ணப்பம் கொடுக்க வேண்டும். இத்தோடு நாமினியையும் ஆன்லைனில் பதிந்துவிடுங்கள்.

கிரெடிட் ரிப்போர்ட்: வரிவரியாகப் படிக்க வேண்டிய தாள்

நம் ஆட்கள் எல்லாவற்றையும் "சிபில்" என்கிறார்கள். ஆனால் கிரெடிட் விவரம் வைத்திருக்கும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை ஸ்கோருடன் இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. ஒரே நாளில் நான்கையும் எடுக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் ஒரு பைசா செலவில்லாமல் ஆண்டு முழுதும் கண்காணிக்கலாம்.

அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கே போங்கள். இலவச ரிப்போர்ட்டுக்கான இணைப்பு பெரும்பாலும் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்; கண்ணுக்கு நேரே தெரிவது மாதச் சந்தா. "ஃப்ரீ ஸ்கோர்" தரும் ஆப்கள் வழியாகப் போனால், உங்கள் ரிப்போர்ட்டைத் தொடர்ந்து பார்த்துக் கடன் விற்பதற்கான ஒப்புதலையும் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் போன் அடித்துக்கொண்டே இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

ஸ்கோர் 300 முதல் 900 வரை. அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மூடிவிடாதீர்கள், விஷயம் உள்ளே இருக்கிறது. முதலில் பெயர், முகவரி, போன் நம்பர் பகுதி. நீங்கள் குடியிருக்கவே இல்லாத முகவரி இருந்தால், உங்கள் பெயர் கொண்ட இன்னொருவரின் கணக்கு கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். "முருகன் எஸ்" என்ற பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள்! அடுத்து கணக்குகள். ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். "000" என்றால் நாள் தவறாமல் கட்டியது, "030" என்றால் 30 நாள் தாமதம், "எஸ்டிடி" என்றால் ஒழுங்கான கணக்கு, மூன்று எக்ஸ் இருந்தால் அந்த மாதத்துக்குப் பேங்க் எதையும் அனுப்பவில்லை.

கணக்கின் நிலையையும் பாருங்கள். முழுதாகக் கட்டியது "குளோஸ்டு" என்று இருக்க வேண்டும். "செட்டில்டு" என்றிருந்தால், பேங்க் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முடித்தது என்று பொருள். அடுத்த பேங்க் உங்களுக்குக் கடன் தரத் தயங்கும். ஏஜென்ட் போனில் "இவ்வளவு கட்டுங்க, முடிச்சிடலாம்" என்று சொன்னதை நம்பிக் கட்டியவர்களின் ரிப்போர்ட்டில் இந்தச் சொல் இருக்கும். கடன் முடித்தால் பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூஸ் சான்றிதழைக் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள். கடைசியாக விசாரணைகள் பகுதி. நீங்கள் விண்ணப்பிக்காத கம்பெனி உங்கள் ரிப்போர்ட்டைக் கடனுக்காக எடுத்திருந்தால், உங்கள் பானை வேறு யாரோ பயன்படுத்துகிறார்களோ என்று சந்தேகப்படுங்கள்.

பிழை இருந்தால் அன்றைக்கே இரண்டு இடத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், கிரெடிட் நிறுவனத்தின் தளத்தில் ஒன்று, கடன் கொடுத்த பேங்கில் ஒன்று. புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். பேங்க் திருத்தி அனுப்ப அதில் 21 நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. 2024 ஏப்ரல் 26 முதல் இது நடைமுறையில் இருந்தும் கேட்பவர்கள் மிகக் குறைவு. புகாரிலேயே "30 நாள் கடந்தால் ரிசர்வ் வங்கி விதிப்படி நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீட்டை என் கணக்கில் செலுத்தவும்" என்று ஒரு வரி சேர்த்துக் கணக்கு விவரத்தையும் கொடுத்துவிடுங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் தளத்தில் இலவசமாக முறையிடலாம். கிரெடிட் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் அதன் வரம்புக்குள் வந்துவிட்டன.

எதற்கு இத்தனை பாடு என்றால் கணக்கைப் பாருங்கள். 20 லட்சம் வீட்டுக் கடன், 20 வருடம். 8.5 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 17,360 ரூபாய், 9.25 சதவீதத்தில் சுமார் 18,320. மாதம் 960 ரூபாய் வித்தியாசம் மொத்தத்தில் சுமார் 2,30,000 ரூபாயாகிறது. ஒரு தப்பான "செட்டில்டு" இந்த வித்தியாசத்தை உண்டாக்கிவிடலாம்.

இதுவரை கடனே வாங்காதவர்களுக்கு ஸ்கோர் இருக்காது. அந்த ஒரே காரணத்துக்காக முதல் கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வரலாறு தொடங்க வேண்டுமென்றால் சின்ன டெபாசிட் போட்டு அதன் பேரில் கிரெடிட் கார்டு வாங்கி, பால், பெட்ரோலுக்கு மட்டும் பயன்படுத்தி, மாதாமாதம் முழுத்தொகையும் கட்டுங்கள்.

பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பத்திரமாகக் காட்டுவது

கடன், வாடகை ஒப்பந்தம், விசா எதற்குப் போனாலும் ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்புவதுதான் வழக்கம். அந்த பிடிஎஃப் அப்புறம் எத்தனை பேரிடம் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. நெட்பேங்கிங் பாஸ்வேர்டே கேட்கும் இடங்களும் உண்டு. அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கடன் வாங்குவதற்கு இதைவிட நல்ல வழி, ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற அக்கவுண்ட் அக்ரிகேட்டர்கள். 2021 செப்டம்பரிலிருந்து இயங்குகிறார்கள். ஃபின்வு, ஒன்மணி, கேம்ஸ்ஃபின்சர்வ் போன்றவை இதில் அடங்கும். இவர்கள் உங்கள் பேங்கிலிருந்து விவரத்தைப் பூட்டிய நிலையில் எடுத்து, நீங்கள் சொன்ன கம்பெனிக்கு மட்டும் கொடுப்பார்கள். நடுவில் அவர்களால் அதைப் படிக்க முடியாது. ஆப்பை இறக்கி, பேங்கில் பதிந்த அதே மொபைல் நம்பரால் சேர்ந்து, கணக்குகளைத் தேடி ஓடிபி போட்டு இணைக்க வேண்டும். நம்பர் வேறாக இருந்தால் "கணக்கு எதுவும் இல்லை" என்று வரும். கூட்டுக் கணக்குகள் பெரும்பாலும் தெரியாது.

ஒப்புதல் கேட்கும் திரையில்தான் நின்று நிதானிக்க வேண்டும். கேட்பது யார், எதற்கு, எந்தக் கணக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, ஒரு முறையா அடிக்கடியா, எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், ஒப்புதல் எப்போது முடிகிறது என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு தனிநபர் கடனை முடிவு செய்ய ஒரு முறை பார்த்தால் போதும். அதற்கு "தினமும், இரண்டு வருடம்" என்றிருந்தால், உங்கள் செலவுப் பழக்கத்தைக் கண்காணிக்கக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். மறுத்துவிட்டு, ஒரு முறைக்கான ஒப்புதல் அனுப்பச் சொல்லுங்கள். கடன் கைக்கு வந்தபின் அதே ஆப்பில் ஒப்புதலை ரத்து செய்யலாம். ரத்து செய்தால் இனிமேல் எடுப்பது நிற்கும். எடுத்ததைத் திரும்பப் பெற்றுத் தராது. ஆகவே முதல் திரையில் எடுக்கும் முடிவுதான் முக்கியம்.

கடன் ஆப் எதுவாயினும் உங்கள் கான்டாக்ட், போட்டோ, கால் விவரங்களைத் தொடக் கூடாது என்று 2022 முதலே ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அனுமதி கேட்டாலே அது விதிமீறல்.

மறந்துபோன டெபாசிட்

10 வருடம் யாரும் தொடாத பேங்க் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். போனாலும் உரிமை போகாது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் தளத்தில் 30 பேங்குகளை ஒரே இடத்தில் தேடலாம். பெயரோடு பான், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை எண், பிறந்த தேதி ஆகியவற்றில் ஒன்றாவது கொடுங்கள். இறந்துபோன தாத்தா, அப்பா பெயரில் தேடும்போது இனிஷியல் முன்னால், பின்னால், விரித்து, இல்லாமல் என்று நாலு விதமாகவும் தேடுங்கள். அந்தக் காலத்துக் கிளார்க் எப்படி எழுதினாரோ அப்படித்தான் அது இன்றும் இருக்கும். கிடைத்தால் திரையில் வரும் குறிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு பேங்க் கிளைக்குப் போய் வாரிசுச் சான்றோடு கேட்க வேண்டும்.

வண்டி ஓட்டுபவர்களுக்கு

டெலிவரி, கேப், பைக் டாக்ஸி ஓட்டுபவர்களின் சம்பாத்தியம், ரேட்டிங், ஓடிய தூரம் எல்லாம் ஆப்புக்குள்ளேயே இருக்கும். ஐடியை முடக்கினால் அந்த நிமிடமே எல்லாம் கைவிட்டுப் போகும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் முந்தைய வாரத்தின் பேஅவுட் அறிக்கையைப் பிடிஎஃப் ஆகவோ ஸ்கிரீன்ஷாட்டாகவோ உங்கள் மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். வண்டிக் கடன் கேட்கும்போது சம்பளச் சீட்டுக்குப் பதிலாக நிற்பது இதுதான். விபத்து இழப்பீடு கேட்கும்போதும் வருமானத்துக்குச் சாட்சி இதுவே.

கர்நாடகத்தில் கிக் தொழிலாளர்களுக்கென்று (ஆப் வழியாக வேலை செய்பவர்கள்) 2025இல் சட்டம் வந்திருக்கிறது. உங்கள் கட்டணம், வருமானம், ரேட்டிங்கை ஆப் தானாக எப்படி முடிவு செய்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை அதில் இருக்கிறது. ஐடியை நிரந்தரமாக எடுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் சொல்லி 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். தமிழ்நாட்டு முகவரி இருந்தாலும் வேலை கர்நாடகத்தில் நடக்கிறது என்பதால் இது உங்களுக்கும் பொருந்தும். ஒன்றிய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பிளாட்ஃபார்ம் தொழிலாளர் என்று பதிந்துவையுங்கள்.

விற்கலாமா?

கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் போன்ற சர்வே ஆப்கள் நேர்மையானவை, ஆனால் வருவது சில்லறை. ஓய்வு நேரத்தில் செய்யலாம், அதை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம்.

குரலுக்கு மட்டும் கொஞ்சம் மரியாதையான விலை உருவாகியிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு இந்திய மொழிகளைக் கற்பிக்கப் பேச்சுப் பதிவுகள் தேவைப்படுகின்றன. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சின் பெங்களூர் ஆய்வகத்தில் முளைத்து, 2021இல் தனி அமைப்பான கார்யா, இந்திய மொழிகளில் வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்பவர்களுக்குக் காசு கொடுக்கிறது. அந்தப் பதிவுகள் மறுபடி விற்கப்பட்டால் பேசியவருக்கும் பங்கு தருவது அதன் கொள்கை. மொசில்லாவின் காமன் வாய்ஸில் காசு கிடையாது. அங்கே கொடுக்கும் தமிழ்ப் பதிவை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். நம் தமிழ் கம்ப்யூட்டருக்குப் புரிய வேண்டும் என்று மனதாரக் கொடுப்பவர்களுக்கு அது நல்ல இடம்.

எங்கே கொடுத்தாலும் முதலில் கேளுங்கள்: எவ்வளவு நேரத்துக்கு எவ்வளவு, நிராகரித்த பதிவுக்கும் காசு உண்டா, எதற்குப் பயன்படும், என் குரலையே நகலெடுத்துப் பேசவைக்க அனுமதி கேட்கிறார்களா. பாஸ்வேர்டை மாற்றலாம், குரலையும் கருவிழியையும் மாற்ற முடியாது. கிரிப்டோ டோக்கன் தருகிறோம் என்று கண்ணை ஸ்கேன் செய்யக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பேங்க் கணக்கு, சிம், வாட்ஸ்அப் கணக்கை "வாடகைக்கு" கேட்பவர்கள் மோசடிப் பணத்தை உங்கள் பெயரில் ஓட்டுபவர்கள். போலீஸ் வருவது உங்கள் வீட்டுக்குத்தான். வீடியோவுக்கு லைக் போட்டால் 150 ரூபாய் என்று தொடங்கி, அப்புறம் "டெபாசிட் கட்டுங்க" என்று வரும் டெலிகிராம் வேலையும் இதே ரகம். பணம் போய்விட்டால் அதே மணிநேரத்தில் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

கொடுத்ததைக் கேட்டு வாங்குவது, அழிக்கச் சொல்வது

கடையில் பில் போடும்போது போன் நம்பர் கட்டாயம் என்றால், கட்டாயமில்லை என்று ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லியிருக்கிறது என்று சொல்லுங்கள். "நம்பர் இல்லாம பில் போடுங்க அண்ணா" என்றாலே பெரும்பாலும் போட்டுவிடுவார்கள். ஆதார் நகல் கேட்கும் பிஜிக்கு, முதல் எட்டு இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். ஆதாரை வழங்கும் யுஐடிஏஐ ஆணையத்தின் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். அதே தளத்தில் கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கும்.

தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பது, திருத்துவது, அழிக்கச் சொல்வது, இறந்தபின் யார் கேட்கலாம் என்று நியமிப்பது ஆகிய உரிமைகள் அதில் இருக்கின்றன. அவை முழுதாக நடைமுறைக்கு வர விதிகள் வந்த நாளிலிருந்து 18 மாத அவகாசம், அதாவது 2027 மே. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி எதிலும் கேட்கலாம் என்பதால் பெங்களூரிலும் தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை வருகிறது. ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: மீறும் நிறுவனத்துக்கு அபராதம் 250 கோடி வரை போகலாம், ஆனால் அது அரசுக்குத்தான் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இந்தச் சட்டத்தில் இழப்பீடு இல்லை.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. 2011ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நிறுவனத்தின் தளத்தில் குறைதீர் அதிகாரியின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் அவர் முடித்துத் தர வேண்டும். மெயில் சிறியதாக இருக்கட்டும்:

"ஐயா / அம்மா, உங்கள் சேவையில் என் பதிவு மொபைல் எண் ______. என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் விவரங்களின் நகலையும், அவற்றை யாரிடம் பகிர்ந்தீர்கள் என்ற பட்டியலையும் அனுப்பவும். விளம்பரத்துக்கும் பகிர்வதற்கும் நான் கொடுத்த ஒப்புதலை இன்றோடு திரும்பப் பெறுகிறேன். சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை தவிர மற்றதை அழித்து, அழித்த தேதியை எழுத்தில் தெரிவிக்கவும்."

பதிவு செய்த மெயிலிலிருந்தே அனுப்புங்கள், இல்லாவிட்டால் "நீங்கள்தான் என்று எப்படித் தெரியும்" என்று நிறுத்திவிடுவார்கள். அடையாளத்துக்கு ஆதார் நகல் கேட்டால் அதற்கும் மாஸ்க்டு ஆதாரே போதும். வேலையை விட்டு வந்த கம்பெனிக்கும் கடன் தீர்ந்த பேங்குக்கும் அழிக்கச் சொல்லி எழுதும் முன், ஃபார்ம் 16 (கம்பெனி தரும் வரிப் பிடித்தச் சான்று), சம்பளச் சீட்டு, நோ டியூஸ் சான்றிதழ் மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.